இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள்?

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விஷயந்தான் கொஞ்சம் சிக்கல். அவருடைய புகுந்த வீடு நூறு வருஷத்துக்கு மேற்பட்டதாம். ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி எல்லாம் உள்ள அந்தக் காலத்து வீடு. தை பிறந்ததும் அதை இடித்துவிட்டு அடுக்கு மாடி எழுப்பக் கட்டடக் கம்பெனியுடன் பேச்சு முடிந்துவிட்டது. "இடிப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஐப்பசி மழையில் கூடமெங்கும் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தவளுக்குத்தான் பழைய வீட்டின் சுகம் தெரியும்! ஆனால் எங்களுக்கு முன்னால் இதில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், 'பத்திரமெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பேசாமல் இரு' என்கிறார். நீங்களாவது வழி சொல்லக் கூடாதா?" என்று கேட்கிறார்.

வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விற்கிறவனுக்கு விற்க உரிமை உண்டா, வாங்குகிறவனுக்கு வில்லங்கம் வருமா என்பதற்காக ஏற்பட்ட காகிதம் பத்திரம். அந்த வேலையை அது செய்துவிட்டால் வக்கீலுக்குத் திருப்தி. சகோதரி கேட்கும் கேள்வியோ வேறு. அந்தக் கிணற்றடியில் யார் நீர் இறைத்தார்கள், அந்தக் கூடத்தில் யாருக்கு ஊஞ்சல் நடந்தது என்பதெல்லாம் பத்திரத்தில் இருக்குமா?

கொஞ்சம் இருக்கும். எங்கே இருக்கும், ஏன் அவ்வளவு கொஞ்சமாக இருக்கும் என்று சொல்வதற்கு முன்னால், நேயர்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி போய், அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு. மொத்தம் அறுபது கிலோ மீட்டர் இருக்கலாம். ஏரிக் கரையில், பழவேற்காட்டை ஒட்டினாற்போல் ஒரு மீனவ ஊர் இருக்கிறது. கோட்டைக்குப்பம் என்று பெயர். குப்பம் தெரிகிறது. வலை உலர்கிறது, படகு கவிழ்ந்து கிடக்கிறது, நாலு பெண்கள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு விலை பேசுகிறார்கள். "கோட்டை எங்கே?" என்று கேட்டால் முள் மண்டிய ஒரு மேட்டைக் காட்டுகிறார்கள். செடி, சரிந்த மண், இடையிடையே செங்கல். பெயரில் மட்டும் கோட்டை மிஞ்சி இருக்கிறது.

நம்மில் பலருக்கு வீடு இருக்கிறது, அதன் சரித்திரம் கிடைப்பதில்லை. இங்கே வீடு போய்விட்டது. ஆனால் அதன் சொந்தக்காரர்களின் ஜாபிதாவோ வருஷ வாரியாகக் கிடைக்கிறது. ஆகையால் ஒரு பழைய வீட்டின் வரலாற்றைத் தேடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அகப்படாது.

பத்திரக் கட்டை அவிழ்ப்பதுபோல் அவிழ்த்துப் பார்ப்போம். 1600-களின் தொடக்கத்தில் பழவேற்காடு விஜயநகர வம்சத்து வேங்கடபதி தேவராயரின் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அரசருடைய தேவியருள் ஒருவரின் பொறுப்பில் இந்தத் துறைமுகம் இருந்தது. 1602-ல் ஏற்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-ல் இங்கே வியாபாரம் செய்ய அனுமதி பெற்றது. சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு இது பொறுக்குமா? 1612-ல் வந்து டச்சுக்காரரின் பண்டகசாலையைத் தாக்கி அழித்தார்கள். அதன் பிறகுதான் கோட்டை. முதலில் கட்டத் தொடங்கியவர் அந்த ராணியே. வேலை மெள்ள நடக்கவே, 1613-ல் டச்சுக்காரர்கள் தங்கள் செலவில் கட்டி முடித்தார்கள். அப்போது தலைவராக இருந்த வெம்மர் வான் பெர்க்கெம் தம் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்து, அதற்குக் 'கெல்ட்ரியா' என்று பெயர் சூட்டினார். வெகு தூரம் வந்தவர்கள் வீட்டுக்கு ஊர்ப் பெயர் வைப்பது இன்றைக்கும் உள்ள வழக்கந்தானே! நங்கநல்லூரில் எத்தனை 'காவேரி இல்லம்'!

அதன் பின் கிட்டத்தட்ட எண்பது வருஷம் சோழமண்டலக் கரை முழுவதிலும் டச்சுக்காரரின் தலைமை இடம் இதுதான். 1690 வாக்கில் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது. 1781-ல் நாகப்பட்டினமும் பழவேற்காடும் ஆங்கிலேயர் வசமாயின. 1785-ல் பழவேற்காடு மட்டும் டச்சுக்காரரிடம் திரும்பியது. 1795-ல் மறுபடியும் ஆங்கிலேயர். 1806 வாக்கில் கோட்டையை இடித்தே விட்டார்கள். 1818-ல், இடித்த பிறகு, டச்சுக்காரரிடம் ஒப்படைத்தார்கள்! குடியிருந்தவர் கதவு, ஜன்னல் எல்லாம் பெயர்த்துக்கொண்டு சாவியை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்த கதைதான். 1824-ல் லண்டனில் ஆன உடன்படிக்கைப்படி 1825-ல் ஊர் கடைசியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

இத்தனை விவரம் எப்படித் தெரிகிறது? கம்பெனி ஒரு வியாபாரி. வியாபாரி கணக்கு எழுதாமல் இருப்பானா? எத்தனை கட்டுத் துணி வந்தது, எவ்வளவு வெடிமருந்து செய்தார்கள், எந்தக் கப்பலில் யார் போனார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். அவற்றின் பெரும்பகுதி ஹாலந்து தேசத்துத் தி ஹேக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கம்பெனியின் ஆவணங்கள் முழுவதையும் உலக நினைவகப் பட்டியலில் யுனெஸ்கோ 2003-ல் சேர்த்துக்கொண்டது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. இந்தியாவில் தங்கிப்போன டச்சு ஏடுகளில் ஒரு பகுதி அங்கே உண்டு.

ஒரு வேடிக்கை. அந்தக் கோட்டைக்கு அஸ்திவாரம் போட்ட ராணியின் பெயர், அயல்நாட்டார் எழுதிய புத்தகங்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. முடித்தவர் யார் என்பதிலோ குழப்பம் இல்லை. சகோதரியின் கடிதத்துக்கு இங்கேயே பாதிப் பதில் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

கோட்டையைவிடக் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போனால் ராத்திரி தூங்கமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். உள்ளே சமாதிக் கற்கள். எழுத்துக்களை இழைத்து இழைத்து வெட்டியிருக்கிறார்கள். கம்பெனியில் உத்தியோகம் பார்த்த டேனியல் ஹாவார்ட் என்ற டச்சுக்காரர் சோழமண்டலத்தைப் பற்றி எழுதி 1693-ல் வெளியிட்ட புத்தகத்தில் சமாதி வாசகங்களைச் சேர்த்திருக்கிறார். 1897-ல் அலெக்சாண்டர் ரே என்பவர் டச்சுக்காரர்களின் நினைவுச் சின்னங்களைப் படம் வரைந்து புத்தகமாக்கினார். சென்னை மாகாணத்துச் சமாதிக் கல்வெட்டுக்களையெல்லாம் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுத்து 1905-ல் வெளியிட்டார். கல் தேய்ந்தாலும் பெயர் தேயாமல் இருப்பது இவர்களால்தான்.

அந்தக் கற்களில் ஒரு விசேஷம். கணவரோடு கடல் கடந்து வந்து, பிரசவத்திலும் காய்ச்சலிலும் மாண்டு போன பெண்கள் பலர். அந்நாளைய டச்சு வழக்கப்படி, மணமான பின்னும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயரே தொடரும். கல்லிலும் அப்படியே வெட்டினார்கள். இன்னாருடைய மனைவி என்பது அடுத்த வரியில்தான்.

அப்படி ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அவர் பெயர் எமரென்ஷியா போல்ஸ். அவருடைய கணவர் ஆபிரகாம் ரோஜர், 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பாதிரியாராக இருந்தவர். மற்றவர்கள் துணிக் கட்டுக்களை எண்ணிக்கொண்டிருந்தபோது இவர் பத்மநாபன் என்ற பிராமணரிடம் நம்முடைய பண்டிகைகள், சடங்குகள், கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் விசாரித்து விசாரித்து எழுதிக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்ட பாஷை போர்ச்சுக்கீஸ்! பர்த்ருஹரியின் சதகங்களையும் பத்மநாபன் அவருக்கு விளக்கிச் சொன்னார். சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழிக்குப் போனது அதுவே ஏறக்குறைய முதல் தடவை. ரோஜர் ஊர் திரும்பி 1649-ல் காலமானார். எழுதியதெல்லாம் கைப்பிரதியாகவே கிடந்தது. அதை 1651-ல் லைடன் நகரில் அச்சேற்ற ஏற்பாடு செய்தவர் அந்த அம்மாள்தான். அவர் அந்தக் காகிதங்களைப் பரணில் போட்டிருந்தால், அல்லது அடுப்புப் பற்றவைக்கக் கொடுத்திருந்தால், பழவேற்காட்டுத் தெருவில் நடந்த சம்பாஷணை அங்கேயே காற்றோடு போயிருக்கும். புத்தகம் எழுதிய கணவர்மார்களுக்கு இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

இனி வேறொரு பெண்.

பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் ஏற்றுமதி செய்தது கட்டம் போட்ட துணி மட்டும் அல்ல. (பளையகாட் லுங்கி என்கிறோமே, அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான்.) மனிதர்களையும் ஏற்றினார்கள். பஞ்சத்திலும் யுத்தத்திலும் சிக்கி விலைபோன ஏழை ஜனங்களை அடிமைகளாக்கி, இந்தக் கரையிலிருந்து ஜாவாவிலுள்ள பட்டேவியாவுக்குக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குக் கம்பெனிக் குமாஸ்தா வைத்த பெயர் இரண்டே சொல்லில் முடிந்துவிடும். ஒரு கிறிஸ்துவப் பெயர். பிறகு, பிடித்த ஊரோ பிறந்த ஊரோ.

காத்ரின் வான் பாலியாக்கட்டா. அதாவது பழவேற்காட்டுக் காத்ரின். 1631 வாக்கில் இங்கே பிறந்தவள். 1656-ல் பட்டேவியாவில் அடிமையாக இருந்தபோது, தன்னைத் தாக்கிய ஒருவனைத் திருப்பித் தாக்கினாள். அவனும் அடிமைதான். அடி பலமாகப் பட்டு அவன் செத்துப்போனான். வழக்கு நடந்து மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை ஆயுள் முழுவதும் நாடு கடத்தும் தண்டனையாகக் குறைத்து, 1657-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற்றினார்கள். அந்தக் குடியேற்றத்தின் ஏடுகளில் பதிவான முதல் பெண் கைதி அவள். அங்கே டச்சுக் குடியேற்றம் தொடங்கியே ஐந்து வருஷந்தான் ஆகியிருந்தது. கமாண்டர் வான் ரீபெக் வீட்டில் துணி துவைத்தாள். 1668-ல் ஞானஸ்நானம் பெற்றாள். அடுத்த வருஷம் அவளுடைய மகன் கிறிஸ்டாஃபெலுக்கு ஞானஸ்நானம் நடந்தது. அவன் தகப்பன் ஒரு சிப்பாய். 1671-ல் வங்காளத்திலிருந்து அடிமையாக வந்து விடுதலை பெற்ற அந்தோனி என்பவரை மணந்தாள். கிறிஸ்டாஃபெல் வளர்ந்து, மதத் துன்புறுத்தலுக்கு அஞ்சிப் பிரான்ஸிலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இன்றைக்குத் தென்னாப்பிரிக்காவில் ஸ்நைமன் என்று ஒரு பெரிய வம்சம் இருக்கிறது. அவர்களுடைய வம்ச விருட்சத்தின் வேரைத் தேடிப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது நம்முடைய இந்த ஏரிக் கரையில்!

காத்ரின் என்பது அவளுக்குத் தாய் இட்ட பெயராக இருக்க முடியாது. வேறொரு பெயர் சொல்லி அவளை யாரோ இந்தக் கரையில் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள். அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏறிய பெயரும், குற்றவாளிக் கூண்டில் நின்றதனால் ஏறியது. அவள் யாரையும் அடிக்காமல், யாரிடமும் அடிபட்டுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தப் பாதிப் பெயர்கூட நமக்குக் கிடைத்திராது.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்று சகோதரி நினைக்கலாம். திருவல்லிக்கேணி வீட்டுக் காகிதக் கட்டை அவிழ்க்கும்போது விளங்கும். அதற்கு வழியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வீட்டில் உள்ள மூலப் பத்திரம். தாய்ப் பத்திரம் என்றும் சொல்வார்கள். தாயின் பெயர் மட்டும் அதில் அநேகமாக இருக்காது! எழுதிக் கொடுத்தவர் யார், அவருக்கு அது சுயார்ஜிதமா, பிதிரார்ஜிதமா, யாரிடம் கிரயம் பெற்றார் என்று பார்த்துப் பின்னோக்கிப் போக வேண்டும். அடுத்து, சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கச் சான்று. 1975-க்குப் பிற்பட்ட பதிவுகளை வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்க்கலாம். அதற்கு முந்தியவற்றுக்குப் பெரும்பாலும் மனுப் போட்டு ஆபீஸில் தேடச் சொல்ல வேண்டியிருக்கும். கையெழுத்துப் புத்தகத்தைப் புரட்டித் தேட வேண்டும். ஒரே நாளில் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பிறகு தாலுகா ஆபீஸில் பட்டா, நகர சர்வே பதிவேடு. சென்னை நகர வீடாக இருந்தால் இன்னொரு பொக்கிஷம் உண்டு. அசைலம் பிரஸ் என்ற அச்சுக்கூடத்தார் அந்த நாளில் வருஷா வருஷம் ஒரு டைரக்டரி வெளியிட்டு வந்தார்கள். எந்தத் தெருவில் யார் குடியிருந்தார் என்று அதில் தேடலாம். பெரிய நூலகங்களில் பழைய தொகுதிகள் இருக்கின்றன.

வீட்டையும் கேட்க வேண்டும். வீடு பேசும். ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி முத்திரை இருக்கும். மங்களூரில் பாஸல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். ஆகவே அந்த முத்திரை இருந்தால் அந்தக் கூரை அதற்கு முந்தியதல்ல. உத்திரம் தேக்கா, இரும்பா? இரும்பானால் வார்த்த கம்பெனியின் பெயர் பக்கவாட்டில் பொறித்திருக்கும். நிலைப்படிக்கு மேல் சுண்ணாம்பு பூசிப் பூசி மறைந்த இடத்தில் சில வீடுகளில் வருஷம் இருக்கும். கொல்லர் வேலைக்காரர் வருவதற்கு முன் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் சொந்தக்காரர்கள் வரிசை கிடைத்துவிடும். ஆண்கள் வரிசை. பெண்களைத் தேடும் வழி வேறு.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1937-ல்தான் ஹிந்து விதவைக்குக் கணவர் சொத்தில் பங்கு கிடைத்தது. அதுவும் ஆயுட்காலம் வரை அனுபவிக்கலாமே ஒழிய, தன் இஷ்டப்படி விற்க முடியாது. 1956-ல் வந்த வாரிசுரிமைச் சட்டந்தான் அவளை முழு உரிமைக்காரியாக்கியது. பெண்ணும் ஒரு வாரிசு என்றது. ஆயினும் பிதிரார்ஜித சொத்தில் மகனைப்போல் மகளுக்கும் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது. அதிலும் அதற்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் வழி திறந்தது 2005-ல். முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்குப் பங்கு முன்னமே உண்டு. பழவேற்காட்டு மரைக்காயர் தெருக்களைப்போன்ற இடங்களில் தகப்பனார் வாயால் 'கொடுத்தேன்' என்று சொல்லி ஒப்படைத்தாலே தானம் செல்லும். அப்படிக் கொடுத்த வீடு பதிவு ஆபீஸ் புத்தகத்தில் எப்படி இருக்கும்? உயில் விஷயமும் இதே கதிதான். அதைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. பாட்டி தன் பேத்திக்கு எழுதி வைத்த உயில், வில்லங்கச் சான்றில் தெரியாமலே போகலாம்.

ஆனால் ஒரு பத்திரத்தில் பெண்ணின் பெயர் தவறாமல் இருக்கும். அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தகப்பனார் காலமான பிறகு சகோதரர்கள் ஒரு நாள் காரில் வந்து, அக்கா தங்கையை அழைத்துப் போய், "ஒரு கையெழுத்துத்தானே" என்று போடச் சொல்கிறார்களே, அதுதான். தனக்குள்ள பாகத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகவும், இனி எவ்விதப் பாத்தியதையும் இல்லையென்றும் எழுதியிருக்கும். சிலர் மனம் ஒப்பிச் செய்கிறார்கள். கல்யாணத்துக்குச் செய்த செலவும், நாளைக்கு வரவேண்டிய தாய் வீட்டுச் சீரும் அவர்கள் கணக்கில் இருக்கும். அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் கட்டுக் கட்டாகக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு வரும்போது ஒன்று கண்ணில் படாமல் போகாது. பிறந்து, தவழ்ந்து, கோலம் போட்டு வளர்ந்த வீட்டின் பத்திரங்களில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக எழுதப்படும் நாள், அநேகமாக, அவள் அந்த வீட்டை விட்டுக்கொடுக்கும் நாள். காத்ரினின் பெயர் ஏட்டில் ஏறியதும் அவளைக் கப்பலேற்றி அனுப்பும்போதுதானே?

கோட்டைக்குப்பத்திலேயே இதற்கு இன்னொரு சாயல் இருக்கிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கு அங்கே பத்திரம் கிடையாது. 'பாடு' என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாகப் படும் இடங்களில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊராரும் முறை வைத்துக்கொண்டு சுத்து வலை போடுகிறார்கள். இன்று இவர், நாளை அவர். எல்லாருக்கும் நல்ல இடமும் சுமாரான இடமும் மாறி மாறி வரும். எத்தனையோ தலைமுறைகளாக நடந்துவரும் ஏற்பாடு. நம் அடுக்கு மாடிகளில் தண்ணீர் லாரி வரும்போது நடப்பதைப் பார்க்கிறவர்கள் அவர்களிடம் பாடம் கேட்கலாம். ஆனால் அந்த முறையில் பங்கு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண்பிள்ளை. பிடித்த இறாலைக் கூடையில் சுமந்து, விலை பேசி, அரிசியாக்கிக் கொண்டுவருகிறவள் அந்தக் கணக்கில் இல்லை. பாடு என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டல்லவா? அதில் மட்டும் அவளுக்குக் குறைவில்லை.

ஊர்க் கணக்கு இருக்கட்டும், தேசக் கணக்கைப் பாருங்கள். சுதந்தர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. வாக்காளர் பட்டியல் எடுக்க வீடு வீடாகப் போனபோது, வட மாகாணங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, 'இன்னாருடைய தாயார்', 'இன்னாருடைய சம்சாரம்' என்று மட்டும் சொன்னார்கள். தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் பிடிவாதக்காரர். பெயர் இல்லாமல் பட்டியலில் இடமில்லை என்று, ஏறக்குறைய 28 லட்சம் பேரை நீக்கிவிட்டார். கடுமைதான். ஆனால் அடுத்த தேர்தலில் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் சொன்னார்கள்.

சரி, விட்டுப்போன பெண்களை எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்த ஒரு தந்திரம் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் தேடாதீர்கள்; பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் தேடுங்கள்! பழைய பத்திரங்களில் சொத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லுவார்கள். வடக்கே தெரு, கிழக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் தோட்டம் என்று வரும். எழுதுகிறவர் அங்கே சட்டம் பார்ப்பதில்லை. ஊர் வாயில் வழங்குவதை எழுதுகிறார். 'காலஞ்சென்ற இன்னார் பாரி இன்னம்மாள் வீட்டுக்கு மேற்கு' என்று ஒரு வரி அகப்படும். அந்த இன்னம்மாள் பெயரில் பட்டாவும் இருந்திராது, வரியும் இருந்திராது. ஆனால் அந்தத் தெரு முழுவதற்கும் அது இன்னம்மாள் வீடுதான். உங்கள் வீட்டுக்கு நாலு பக்கத்திலும் உள்ளவர்கள் தங்கள் பத்திரங்களைக் காட்டச் சம்மதித்தால், நடுவே உங்கள் வீட்டில் இருந்தவள் தெரியவருவாள். சம்மதிப்பார்களா என்பது நீங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அனுப்பிய பலகாரத் தட்டைப் பொறுத்தது.

கோவில் கல்லையும் பாருங்கள். குத்துவிளக்கில், பெரிய அண்டாவில், திருமணச் சீராக வந்த பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். பித்தளைக்குப் பழைய இரும்புக் கடையில் விலை அதிகம். பெயரைப் பார்க்காமல் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவில் எண்பது தாண்டிய ஒரு பாட்டியாவது இருப்பார். அவரிடம் "இந்த வீட்டுச் சொந்தக்காரர் யார்?" என்று கேட்டால் உடனே மகனைக் கூப்பிட்டுவிடுவார். "இந்த வீட்டில் யாருக்குப் பிரசவம் நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அரை நாள் போவது தெரியாது.

கடைசியாக, திருவல்லிக்கேணிச் சகோதரி கேட்காத ஒன்று. பழைய பத்திரங்களைக் கண்ட பிறகு சிலர் ஆசையோடு கடைக்கு எடுத்துப்போய் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். உள்ளே வெப்பம் பட்டு, பசை ஊறி, காகிதம் பாழாகும், பிரிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் ஒட்டு நாடாவும் கூடாது. நாலு வருஷத்தில் மஞ்சள் கறை விட்டுப்போகும். மடிப்பைப் பிரித்து, நேராக வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்துக்கொண்டு, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத பெட்டியில் வையுங்கள். துணிக்கு வெளியே ஒரு வசம்புத் துண்டு போட்டால் பூச்சி அண்டாது என்பது பெரியவர்கள் சொன்னது.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பென்சிலால், மை வேண்டாம், அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள், அதிலிருந்து புறப்பட்டுப் போன பெண்கள், பிறந்த ஊர், தெரிந்தால் வருஷம் எல்லாம் எழுதிப் பத்திரங்களுக்கு மேலாக வையுங்கள். மாமியாருக்கு அவருடைய மாமியாரின் பெயர் தெரியும். இன்றைக்கே கேட்டு விடுங்கள். கட்டடக் கம்பெனிக்காரர்கள் தை பிறக்கும் வரை பொறுப்பார்கள் என்று நிச்சயமில்லை.